மை இல்லாத விரல்

ஸ்கொட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்று கேட்கும் வாக்கெடுப்பு நாள். கிளாஸ்கோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வாக்குச்சீட்டைத் தர வந்த பெண்ணிடம் ஏரம்பமூர்த்தி தன் இடது கைச் சின்னவிரலை நீட்டினார். விரலில் ஏதும் காயமோ என்று அவள் குனிந்து பார்த்தாள். ஊரைப்போல இங்கே விரலில் மை பூசுவதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

மறைப்புக்குள் நூலில் கட்டிய பென்சில்கட்டை ஒன்று கிடந்தது. சீட்டில் ஒரே ஒரு கேள்வி, கீழே புள்ளடிக் குறி போட இரண்டு பெட்டிகள். ஊரில் இதே கேள்விக்காக அவருடைய மகன் குகதாசன் பத்தொன்பது வயதில் துவக்கோடு காட்டுக்குப் போனான். உடல்கூடத் திரும்பி வரவில்லை. பென்சிலைப் பிடித்தபடி அவர் நெடுநேரம் நின்றார்.

தன் வாக்கை எப்போதோ போட்டுவிட்ட மனைவி பராசக்தி வெளியே குளிர்காற்றில் காத்திருந்தாள்.

"ஒரு புள்ளடி போட இவ்வளவு நேரமே? உள்ளுக்குள்ள என்ன சோதினையே எழுதினனீங்கள்?"

"ஓம்."

"எதுக்குப் போட்டனீங்கள்?"

அவர் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மகனின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். விரலைப் பார்த்தார். அவனுக்குக் காட்ட அதில் ஒன்றுமே இல்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சின்னவிரல் நகத்தின் அடியில் நீலமாக ஒரு கோடு இழுத்தார்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பராசக்தி கிட்ட வந்தாள்.

"எனக்கும் போட்டுவிடுங்கோ," என்று தன் விரலை நீட்டினாள்.