கௌஸ் எழுதிய கட்டுரை

"சார், அந்தத் தாளத் திருப்பிக் குடுத்துடுங்க. உங்க கால்ல வேணா விழுறேன்."

அறை வாசலிலேயே நின்று கெஞ்சினாள் மைமூன். விரிவுரையாளர் இராமலிங்கம் தலையைத் தூக்கவில்லை. அவள் கேட்ட அதே தாளைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

1944. ஜப்பான்காரன் ஆட்சி; எதிரி நாட்டு ரேடியோ கேட்டால் தலை போகும். பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஜப்பானிய மொழிதான் முதற்பாடம். கூடவே ஒரு துணைப்பாடம் எடுக்கலாம். மைமூனின் தம்பி கௌஸ் எழுத்துக்கலையை எடுத்திருந்தான். பெரிய எழுத்தாளனாக வேண்டும் என்று ஆசை அவனுக்கு. 'நேற்று என் வீட்டில்' என்று மேலிடத்திலிருந்து தலைப்பு வந்ததும், மற்றவர்கள் பேனாவைத் தொடும் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டான் புண்ணியவான்.

"எங்க அத்தா டெல்லி நியூஸ் கேட்டத எழுதி வச்சிருக்கான் சார்! வீட்டுக்கு வந்து பெருமை வேற. உள்ளத உள்ளபடி எழுதிட்டேன் அக்கான்னு சொல்றான். விட்டேன் ஒரு அறை. அப்புறந்தான் அவனுக்கே உறைச்சுச்சு. அதோ, வகுப்புல பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கான் பாருங்க."

"நல்லா எழுதியிருக்கான்மா," என்றார் இராமலிங்கம். "உங்க அத்தா ரேடியோவுல காத ஒட்ட வச்சுக்கிட்டு, இன்னொரு காதப் பொத்திக்கிறாரே, அந்த இடம் பிரமாதம்."

மைமூனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற தகப்பனின் உயிர் போகப் போகிறது, இந்த ஆள் நடையழகு பார்க்கிறாரே!

"கிழிச்சுப் போட்டுடுங்க சார்."

"எப்படிம்மா கிழிக்கிறது? ஆளுக்கு ஒரே தாள்தான். முத்திரை குத்தி, நம்பர் போட்டுக் குடுத்திருக்காங்க. மத்தியானம் ஜப்பான் ஆபீசர் வந்து எண்ணி வாங்குவாரு. ஒண்ணு குறைஞ்சா அந்தப் பையன் வீட்டுக்குத்தான் மொதல்ல ராணுவ லோரி போகும்."

"எதிர்வீட்டுத் தம்புசாமி அண்ணனும் இதே ரேடியோவுக்காகத்தான் லோரியில போனாரு. இன்னும் திரும்பல. ஒரு துணைப்பாடத்துக்காக எங்க அத்தாவப் பலி குடுக்கணுமா சார்?"

"வகுப்புக்கு நேரமாச்சு. நீ வீட்டுக்குப் போ."

அவள் போகவில்லை. வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டாள். உள்ளே போன இராமலிங்கம், கௌஸின் தாளை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்.

"கட்டுரைன்னா இப்படி இருக்கணும்! கேளுங்க. 'நேற்று எங்கள் அத்தா கடையைச் சாத்திவிட்டு, ரேடியோவில் டெல்லிச் செய்தி கேட்டார்...'"

அட பாவி! வகுப்பு முழுக்கப் போட்டு உடைத்துவிட்டானே! ஜன்னல் பக்கம் வந்த இராமலிங்கம் மைமூனைப் பார்த்தார். பார்த்தும் ஜன்னல் கதவைச் சாத்தினார். ஜப்பான்காரனைக் கண்டால் இடுப்பு ஒடியக் குனிகிற ஆள் என்று இவரைப் பற்றி ஊரே சொல்லும். சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

"நீ நல்லாவே இருக்க மாட்ட!" என்று சாத்திய ஜன்னலைப் பார்த்துச் சபித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மத்தியானம் லோரி வந்தது. புழுக்கம் தாங்காமல் ஆபீசரே ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அவருடைய மொழிபெயர்ப்பாளர் அடைக்கப்பன் மேலாக இருந்த தாளை எடுத்தார். கௌஸின் தாள்.

"'நேற்று எங்கள் அத்தா கடையைச் சாத்திவிட்டு, ரேடியோவில் டெல்லிச் செய்தி கேட்டார். பர்மாவில் ஜப்பான் படை பின்வாங்குகிறதாம்...'"

மொழிபெயர்த்துச் சொன்னதும் ஆபீசர் விருட்டென்று எழுந்தார். மைமூன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அடைக்கப்பன் அடுத்த தாளை எடுத்தார். தனலெட்சுமி எழுதியது.

"'நேற்று எங்கள் அத்தா கடையைச் சாத்திவிட்டு...' என்ன இது?"

அடுத்தது நாச்சியப்பன் எழுதியது. அதிலும் அதே அத்தா, அதே கடை, அதே ரேடியோ. தாள்களைப் பரபரவென்று புரட்டினார். எல்லாம் ஒன்றே.

"யோவ், செட்டி வீட்டுப் பிள்ளைக்கு ஏதுய்யா அத்தா?"

"நம்ம பள்ளிக்கூடத்து வழக்கந்தானே ஐயா," என்றார் இராமலிங்கம். "கட்டுரைன்னா வாத்தியார் பலகையில எழுதிப் போடுவாரு, பிள்ளைங்க அப்படியே பாத்து எழுதும். நீங்களும் அப்படித்தானே படிச்சு வந்தீங்க? அதுல இருக்கிற அத்தா, கடை எல்லாம் என் கற்பனை."

அடைக்கப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீசர் சிரிக்கவில்லை. ஏதோ கத்தினார். அடைக்கப்பன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு கேட்டார்:

"அத்தா கற்பனை, சரி. பர்மா சங்கதி உனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறாரு."

கௌஸ் எழுந்திருக்கப் பார்த்தான். "உக்காருடா!" என்று அதட்டினார் இராமலிங்கம்.

பிறகு ஆபீசர் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார்: "ரேடியோ கேட்டது நான்தான் ஐயா. பெட்டியக் கிள்ளான் ஆத்துல போட்டுட்டேன்."

லோரி அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. இராமலிங்கம் வீட்டில் எந்தக் காலத்திலும் ரேடியோ இருந்ததில்லை.