ஏரி இல்லை, குளம் உண்டு

'இவ்வூரில் ஏரி இல்லை' என்ற தீர்மானத்தில் முதல் கையெழுத்து என்னுடையதுதான்.

ஏரிப் பாசனச் சங்கத்தின் கடைசித் தலைவன் நான். வெங்கடேசன் போட்டால் ஊரே போடும் என்று ஊராட்சித் தலைவருக்குத் தெரியும். ஏரி இல்லை என்று கிராமசபை எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தப் பள்ளத்தைக் கம்பெனிக்காரர்கள் மண்ணடித்து மேடாக்கி லாரி நிறுத்துவார்கள்.

நிறுத்தட்டுமே! இருநூறு ஏக்கர் தண்ணீரைப் பார்த்தவன் நான். கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், அந்த இரைச்சலில் வீட்டுக்குள் பேசுவது காதில் விழாது. கம்பெனி மதில்களுக்கு நடுவே தேங்கிக் கிடக்கிற அழுக்குத் தண்ணீரைப் போய் ஏரி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் மகன் அதைக் குட்டை என்பான். பேத்திக்கு அது குப்பை கொட்டுகிற இடம்.

கிராமசபையில் தீர்மான நோட்டு கைமாறிக்கொண்டே போய்ப் பாண்டிச்செல்வியிடம் நின்றது.

என் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருப்பவள். தென்காசிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஓட்டுரிமையைப் போன வருஷம் இங்கேயே மாற்றிக்கொண்டாள். நைட் ஷிப்ட் முடித்து, யூனிஃபார்மோடு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் போட மாட்டேன். அங்க குளம் இருக்குல்லா?"

கூட்டம் சிரித்தது. எங்களுக்குக் குளம் என்றால் கோயில் குளம். நாலு பக்கமும் படிக்கட்டு இருக்க வேண்டும். அவர்கள் ஊரில் ஏரிக்கே குளம் என்றுதான் பேராம்.

எனக்கு வந்ததே கோபம். வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை, என் ஏரிக்கு இவள் பேர் வைக்கிறாளா?

"இன்னாத்தக் கண்ட நீ? அது செத்து எத்தினி வருசம் ஆவுது தெரியுமா?" என்று கத்தினேன்.

அவள் அசரவில்லை. எழுந்து நின்றாள்.

"நீங்க பாத்தது செத்துருக்கும் அண்ணாச்சி. நான் பாக்கது உசுரோடதான் கெடக்கு. காலைல பஸ்ஸ விட்டு எறங்கி அது வழியாத்தான் வந்தேன். நாமக்கோழி ஆறு குஞ்சோட நீந்துது. நீங்க கடைசியா எப்ப போனீங்க?"



தலைவர் நோட்டைப் பிடுங்கப் பார்த்தார். விடுவாளா? 'ஏரி இல்லை'க்குக் கீழே 'குளம் உண்டு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

'கடைசியா எப்ப போனீங்க' என்று அவள் கேட்டது காதிலேயே நின்றது. வெட்கமாக இருந்தது.

நோட்டை வாங்கி என் பெயரை அடித்தேன். அவள் எழுதியதற்குக் கீழே புதிதாகப் போட்டேன்.

"யோவ், இன்னாய்யா பண்ற?" என்று தலைவர் எகிறினார்.

எகிறட்டும். பேனாவை அவர் மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் பாண்டிச்செல்வி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். யாருக்கும் கேட்காதபடி அவளிடம் கேட்டேன்.

"எந்தப் பக்கமா போவணும்மா? மதிலு கட்டுனதுல இருந்து நான் போனதே இல்ல."