ஆழம் கூடக் கூட

அலங்காரத்தின் குரல் தெருமுனைச் சிலுவை வரை கேட்டது.

“ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும்! சொல்லு!”

தம்பி மிக்கேல் சொல்லவில்லை.

“ஏலே, என்னைப் பாரு! ஆழம் கூடக் கூட…”

எதிர்வீட்டில் செபாஸ்டின் காபித் தம்ளரை ணங்கென்று கீழே வைத்தார். சங்கு குளிக்கும் வள்ளத்துக்குச் சொந்தக்காரர். இருபது வருடம் தானே மூழ்கி எடுத்தவர்.

“கடல்ல இருந்து வந்த மனுசன் செத்த நேரம் கண்ணசர முடியுதா? தெனமும் சாயங்காலம் இதே கூப்பாடு!”

“ஒம்ம காதுக்கே எட்டுதுன்னா சத்தம் பெருசுதான்” என்றாள் மனைவி மரியக்கண்ணு. அவருக்கு இடது காது மந்தம்.

“சிரிக்காதளா. பதினாறு வயசுப் பயலைத் தெருவறிய இப்படி ஏசினா படிப்பு எங்க ஏறும்? அக்காளா அவ?”

போன வருடம் மிக்கேலின் அப்பா தோணியில் மூட்டை இறக்கும்போது விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்தார். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு மிக்கேல் செபாஸ்டினின் வள்ளத்தில் ஏறினான். சங்கு சீசன் முடியும் வரை குளித்தான். தலைமையாசிரியர் இரக்கப்பட்டுப் பதினொன்றில் உட்காரவிட்டார். அந்தக் காலத்தில் பதினொன்றில்தான் எஸ்.எஸ்.எல்.சி.; இதோ, மார்ச்சில் பரீட்சை.

அந்த வீட்டில் அன்று அடுப்பு எரிந்தது தன்னால்தான் என்று செபாஸ்டினுக்கு ஒரு நினைப்பு உண்டு. அது பொய்யும் இல்லை.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

புத்தகம் மிக்கேலின் மடியில் விரிந்து கிடந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அக்காளின் முகத்தையே முறைத்துக்கொண்டிருந்தான். செபாஸ்டின் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

‘திமிரும் ஏறிப்போச்சு பயலுக்கு’ என்று நினைத்துக்கொண்டார்.

“ஏளா அலங்காரம், நிறுத்து! ஆழத்தையும் அழுத்தத்தையும் இவனுக்கா சொல்லிக் குடுக்க? எட்டுப் பாகம் ஆழம் எறங்கிச் சங்கு எடுத்த பய இவன்!”

அலங்காரம் எழுந்து நின்றாள். “வாங்க மாமா. கடல்ல தெரிஞ்சதைப் பரீட்சைத் தாள்ல எழுதத் தெரியணுமே.”

“ஏறலைன்னா விட்டுத் தொலை. ஏசி ஏசி அவனைக் கிறுக்கனாக்காத. என் வள்ளத்துல ஆள் கொறையுது, நாளைக்கே அனுப்பு.”

“இனி அவனை அனுப்ப முடியாது மாமா.”

“ஏன், பாஸ் பண்ணி கலெக்டராப் போறானோ?”

“புது ஹார்பர்ல எழுத்து வேலைக்கு மனுப் போடலாம்னு இருக்கோம். இந்தப் பரீட்சை போச்சுன்னா அவனுக்கு வேற பொழப்பு இல்ல.”

“கடல் இருக்கயிலயா பொழப்பு இல்ல? நல்ல மூச்சுக்காரன்ளா அவன்!”

அப்பா படுத்திருக்கும் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அலங்காரம் குரலைத் தாழ்த்தினாள்.

“நான் ஏசலை மாமா. அவனுக்குக் காது கேக்காது.”

செபாஸ்டின் வலது காதைத் திருப்பினார். “என்ன சொன்ன?”

“காது கேக்காது. ஒண்ணு சுத்தமாப் போச்சு. இன்னொண்ணுல கத்தினாக் கொஞ்சம் விழும். மிச்சத்தை என் வாயைப் பாத்துத் தெரிஞ்சுக்கிடுதான். வகுப்புல வாத்தியார் போர்டுப் பக்கம் திரும்பிட்டா அவனுக்கு எல்லாம் இருட்டு. அதான் சாயங்காலம் நான் முதல்ல இருந்து சொல்லுதேன்.”

“எப்ப இருந்து?”

“போன தபசு காலத்துல இருந்து, பெரிய வெள்ளிக்கு முன்னாலயே. ஆஸ்பத்திரியில காமிச்சோம். ஜவ்வு கிழிஞ்சு சீழ் வச்சிருச்சு, இனிமே தண்ணிக்குள்ள தலையையே முக்கக் கூடாதுன்னுட்டாங்க. அப்பாவுக்குத் தெரியாது.”

“எதிர்வீட்டுல இருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேளா!”

“அவன்தான் வேண்டாம்னான். சோறு போட்ட மனுசன், தெரிஞ்சா சங்கடப்படுவாருன்னான்.”

செபாஸ்டினுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது.

வள்ளத்தில் அவன் ஏறிய முதல் வாரம் அது. மிக்கேல் மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காதைப் பொத்தினான். விரலிடுக்கில் ரத்தம். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்தான் குனிந்து அவன் தலையைத் தடவிச் சொன்னார்:

“பயப்படாதலே. எல்லாருக்கும் இப்படித்தான். ஒரு வாட்டி காது தொறந்துக்கிட்டா அப்புறம் வலிக்காது. எறங்கு.”

அவருக்கும் ஒரு காலத்தில் யாரோ அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

மிக்கேல் இப்போதுதான் அவரைப் பார்த்தான். புத்தகத்தை வைத்துவிட்டுச் சட்டென்று எழுந்தான்.

“மிக்கேலு…” என்றார். “அன்னிக்கு வள்ளத்துல நான்…”

அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்த மிக்கேலுக்கு அவர் சொல்ல வந்தது புரிந்துவிட்டது. சிரித்தான். தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியாமல், தெருவே கேட்கும்படி அவருக்கு ஆறுதல் சொன்னான்:

“நீங்க சொன்னது சரிதான் மாமா! அப்புறம் வலிக்கவே இல்ல!”