டீசல் சத்தம்

குடியிருப்போர் சங்கத் தலைவர் குலசேகரன் மின்சாரக் கார் வாங்கிய முதல் நாள், சத்தமே இல்லாமல் கேட் வரை வந்துவிட்டார். உள்ளே வாட்ச்மேன் தங்கமணி வயிற்றைத் தள்ளிக்கொண்டு தலைவரைப்போல நடந்துகாட்ட, தோட்டக்காரர்கள் இருவர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் குலசேகரன் ஸ்பீக்கர் கடைக்குப் போனார்.

“பாட்டு கேக்கவா சார்?”

“இல்லப்பா. வெளிப்பக்கமா மாட்டு. என் பழைய டீசல் வண்டிச் சத்தம் வரணும்.”

“சத்தம் இருக்காதுன்னுதானே சார் இதையே வாங்குறாங்க?”

“நானும் அப்படி நினைச்சுத்தான் வாங்கினேன்.”

இப்போது அவர் தெருமுனையில் திரும்பும்போதே கேட் திறந்துவிடுகிறது. தங்கமணி விறைப்பாக சல்யூட் வைக்கிறார். பன்னிரண்டு வருஷமாக வைத்த அதே சல்யூட். தோட்டக்காரர்கள் குனிந்து செடியைப் பார்க்கிறார்கள். குலசேகரன் வழக்கம்போல லேசாகத் தலையசைக்கிறார். பிறகு சத்தத்தை இன்னும் இரண்டு புள்ளி கூட்டிவைக்கிறார், அடுத்த தெருவிலிருந்தே கேட்கட்டும் என்று.