அடி பிடித்த வாசனை

“எனக்கு அடுப்புப் பத்தவைக்கக்கூடத் தெரியாது. என்னை எதுக்கு இங்க இழுத்துட்டு வந்தே?”

வெளிநாட்டுக்கு வந்தும் கணவர் அதே பாட்டைத்தான் பாடினார். அந்த ஊரின் பாரம்பரியக் குழம்பைக் கற்றுத்தரும் வகுப்பு அது. கணவனும் மனைவியும் சேர்ந்துதான் சமைக்க வேண்டுமாம். வெங்காயத்தைக் கொடுத்தால் விரலை வெட்டிக்கொண்டார். உப்பைக் கொடுத்தால் தரையில் கொட்டினார்.

மனைவி பல்லைக் கடித்தாள். “முப்பது வருஷமா இதே கதைதான். வாசல்ல போய் உட்காருங்க.”

அவர் ஜம்மென்று உட்கார்ந்து செல்போனை நோண்டத் தொடங்கினார்.

குழம்பு கொதித்தது. அவள் கரண்டியை எடுத்தாள்.

“கிண்டாதே,” என்றார் வாசலிலிருந்து, தலையை நிமிர்த்தாமலே. “அடி பிடிச்சிருச்சு. கிண்டினா மொத்தமும் கருகல் வாசனை ஏறிடும். மேலாப்ல வேற பாத்திரத்துக்கு மாத்திடு.”

மாற்றினாள். குழம்பு தப்பியது. அடியில் கறுப்பாக ஒட்டியிருந்தது.

“எங்க கத்துக்கிட்டீங்க?”

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “கல்யாணத்துக்கு முன்னாடி... ரூம்ல பத்துப் பேருக்கு நான்தான் சமைச்சேன். ஆறு வருஷம்.”

அவள் ஏப்ரனை அவிழ்த்து அவர் மடியில் எறிந்தாள்.

“ஆபரேஷன் முடிஞ்ச அஞ்சாம் நாள், தையலைப் பிடிச்சுக்கிட்டு அடுப்படியில நின்னேனே. அப்ப இந்த மூக்கு எங்க போயிருந்துச்சு?”