நீளக் கயிறு

ஒரு வேலமரத்தில் இரண்டு பெட்டையாடுகளைக் கட்டியிருந்தார்கள். செவலைக்குக் குட்டைக் கயிறு, கறுப்பிக்கு நீளக் கயிறு. கறுப்பிக்குத் தலைகால் புரியவில்லை.

"முதலாளிக்கு எம்மேல தனி நம்பிக்கை" என்று நாள் முழுக்கப் பீற்றிக்கொண்டாள்.

செவலை தன் கயிற்றைக் கடித்தே அறுத்துவிட்டாள். "நீயும் கடி அக்கா, வெறும் தேங்காநார்தான். ரெண்டு பேரும் ஓடிடலாம்."

"இவ்வளவு நீளக் கயித்தை எவளாவது கடிப்பாளா? உனக்கு வயித்தெரிச்சல்."

செவலை மலைப்பக்கம் ஓடிப்போனாள். சாயங்காலம் வந்த ஆட்டுக்காரர், அறுந்து கிடந்த கயிற்றைப் பார்த்தார். இதுவும் ஓடிவிடும் என்று பயந்து, கறுப்பியின் கயிற்றை நாலாக மடித்து மரத்தோடு இறுக்கிக் கட்டினார். குனிந்தால் புல் எட்டவில்லை.

முதுகில் வந்து உட்கார்ந்த கரிச்சான் குருவியிடம் கறுப்பி சொன்னாள்: "பார்த்தியா, இந்த ஊர்லயே தடிமனான கயிறு எனக்குத்தான்."