கதிர்க்கட்டு சுமக்கும் மாசிலாமணி

மாசிலாமணி சுவரில் தொங்கிய தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

காடாத் துணியில் வரைந்த முகம். தலையில் நெற்கதிர்க் கட்டு. கதிர்கள் எல்லாம் மஞ்சள் புடவைத் துண்டுகள். ஒவ்வொன்றாக வெட்டி வைத்துத் தைத்தவை. அடியில் பழந்துணி கொடுத்து மூன்றடுக்காகத் தைத்திருந்ததால், அவன் நின்றிருந்த வரப்பு மேடாகவும் வயல் பள்ளமாகவும் கைக்குத் தட்டுப்பட்டது.

பின்னால் நின்ற நூருன்னிசாவுக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

பழவேற்காட்டில் அவள் வீட்டுக்கு ஆட்கள் போட்டோ கொண்டுவருவார்கள். ஏர் மாடு, களத்துமேடு, நாற்று நடுகிற பெண்கள். அவள் அதைத் துணியில் பெரிதாக வரைந்து, சாயமிட்டு, மேலே ஒட்டுத்துணி வைத்து, மெத்தை விரிப்பு மாதிரி தைத்துக் கொடுப்பாள். படத்தில் இருக்கிறவர்கள் வந்து குறை சொல்வதும் உண்டு. அதற்கெல்லாம் அவள் பதறியதில்லை.

இந்த வேலையைக் கொண்டுவந்தவள் மாசிலாமணியின் மனைவி முத்தம்மாள். கோட்டைக்குப்பத்துக்காரி. அவள் கொடுத்த போட்டோ உள்ளங்கை அளவுதான் இருந்தது.

கடல் சரியில்லாத ஒரு தை மாதம் இருவரும் அனுப்பம்பட்டுக்குக் கதிரறுக்கக் கூலிக்குப் போயிருந்தார்கள். நிலத்துக்காரர் வீட்டுக்கு வந்த விருந்தாளி யாரோ எடுத்த படம். மாசிலாமணியை எடுத்த ஒரே படமும் அதுதான். வீட்டுக்குள் ஏறிய ஏரித் தண்ணீரில் அது ஊறிப்போய், கண்ணுக்குக் கீழே வெளுத்துவிட்டிருந்தது.

கண் இருந்தது. மூக்கும் வாயும் இல்லை.

முத்தம்மாளை எதிரே உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுத்தான் நூருன்னிசா வரைந்தாள். மூக்கு எப்படி இருக்கும் என்றால், மூக்கு மாதிரிதான் இருக்கும் என்பாள். சிரித்தால் பல் தெரியுமா என்றால், அத்தோடு பேச்சை நிறுத்திவிடுவாள். வாயைத் தனித் துணியில் பலமுறை வரைந்து பார்த்து, கடைசியில் ஒன்றை வெட்டி வைத்துத் தைத்தாள். இது அவன்தானா என்று முடித்த பிறகும் அவளுக்குத் தெரியவில்லை.

அந்த ஆள் இன்று நேரிலேயே வந்து நிற்கிறான்.

காலையில்தான் எளாவூரில் லாரியை விட்டு இறங்கி ஊர் வந்து சேர்ந்தானாம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சட்டை யாருடையதோ, தோளில் தொளதொளவென்று கிடந்தது. வீட்டில் உட்காரக்கூட விடாமல் முத்தம்மாள் அவனை நேராக இங்கே இழுத்து வந்திருந்தாள்.

"இன்னாக்கா, என் மூக்கு இம்மாம் பெருசாவா கீது?" என்றான்.

இல்லை, சின்னதுதான் என்று நூருன்னிசா ஒப்புக்கொண்டாள். தன் வேலையில் குறை சொல்லக் கேட்டு அவள் இத்தனை சந்தோஷப்பட்டதில்லை.

அவனுக்கு இன்னும் குறை இருந்தது. கடலுக்குப் போகிறவனை வயலில் நிற்க வைத்தால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்றான். கையில் ஒரு வலையாவது கொடுத்திருக்கலாம். ஆனால் வாய் சரியாக வந்திருக்கிறது என்றான். தன் வாயை ஒருமுறையும் துணியில் இருந்த வாயை ஒருமுறையும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

பிறகு அவன் விரல் வானத்துக்குப் போய் நின்றது. நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட வானம்.

இது தன்னுடைய கைலி அல்லவா என்று மனைவியைக் கேட்டான். தீபாவளிக்கு எடுத்தது, ஒரு தடவைதான் கட்டியிருந்தான். அதைப் போய் யாராவது வெட்டுவார்களா?

முத்தம்மாள் அந்தக் கட்டத்தை விரலால் நீவிவிட்டாள்.

சரி, வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்றான்.

ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லி, நூருன்னிசா துணியைச் சுவரிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கட்டிலுக்குப் பின்னால் மறைந்திருந்த கீழ் ஓரம் வெளியே வந்தது. அங்கே சிவப்பு நூலில் அவன் பெயர் தைத்திருந்தது. பெயருக்குக் கீழே இன்னொரு வரி.

அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும்.

மறைவு என்று படித்தான். பக்கத்தில் 1984 நவம்பர், புயலடித்த தேதி.

அவன் படகு உடைந்த நாள் அது. பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தவனை ஆந்திரக் கரையில் யாரோ தூக்கிப்போய்க் காப்பாற்றியிருந்தார்கள். ஜுரத்தில் கிடந்தவன் எழுந்து நடமாட இத்தனை நாள் ஆகிவிட்டது. அதற்குள் கோட்டைக்குப்பம் தேடி ஓய்ந்துவிட்டது. உடல்தான் கிடைக்கவில்லை, பந்தலில் வைத்து மாலை போட ஒரு படமாவது வேண்டும் என்று முத்தம்மாள் அந்த நனைந்த போட்டோவை எடுத்துக்கொண்டு இங்கே வந்திருந்தாள்.

நூருன்னிசா கத்தரிக்கோலின் முனையால் முதல் தையலை நெம்பினாள். நூல் சுலபமாக வந்தது. 'ம' போனது. பிறகு 'றை'.

முத்தம்மாள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"நாளைக்கு உனுக்குக் கருமாதி. ஊரு முச்சூடும் சொல்லியாச்சு. சமைக்கறவங்க வந்து குந்தினு கீறாங்க. அவங்ககிட்ட இப்ப இன்னான்னு சொல்றது?"

மாசிலாமணி மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"சமைக்கச் சொல்லு," என்றான். "பசிக்குது."